மட்டக்களப்புக்கு நாயோடு குடிவருகிறவர்கள் வளவை ஆயத்தப்படுத்துவது எப்படி?

இடமாற்றம் கிடைத்தோ, காணி வாங்கியோ, வெளிநாட்டிலிருந்து திரும்பியோ மட்டக்களப்புப் பக்கம் குடிவருகிறவர்களில் பலர் நாயையும் கூட்டி வருகிறார்கள். அவர்கள் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "நாயை எங்கே கட்டுவது?" கட்டுவதற்கு இடம் தேட வேண்டாம் என்பதே என் பதில். நாய் அவிழ்ந்து திரியக்கூடியதாக வளவை மாற்றுங்கள். நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் நாய் குரைத்துக் குரைத்து அயலவரின் நித்திரையைக் கெடுக்கும். அதன் குணமும் கெட்டுப்போகும். என்றாவது சங்கிலி அறுந்தால் யாரையாவது பதம் பார்த்துவிடும். வளவைச் சரிப்படுத்துவது ஒரு கிழமைக்குள் முடிகிற வேலை. சாமான் ஏற்றும் லொறி வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டால் இன்னும் நல்லது.

முதலில் வேலியடி

கல்லடி தொடக்கம் களுவாஞ்சிக்குடி, கல்முனை, திருக்கோவில் வரை கடலோர நிலம் மணல். கொழும்பில் சீமெந்து முற்றத்தில் வளர்ந்த நாய் இந்த மணலைக் கண்டதும் தோண்டத் தொடங்கிவிடும். வேலி எவ்வளவு உயரம் என்று கேட்டு வாங்குகிற நாம், அதன் அடியைக் குனிந்து பார்ப்பதில்லை. நாய் மேலால் பாய்வதைவிடக் கீழால் நுழைவதுதான் இங்கே அதிகம்.

ஆகவே வேலியோரமாக ஒரு முறை சுற்றி வாருங்கள். நாலைந்து அடிக்கு ஒரு தடவை குந்தியிருந்து, நாயின் கண் மட்டத்தில் பாருங்கள். கையை நுழைக்கக்கூடிய இடைவெளி இருந்தால் அங்கே மூக்கு நுழையும். மூக்கு நுழைந்த இடத்தில் கால் தோண்டும். சில காலம் ஆளில்லாமல் கிடந்த வீடு என்றால் ஒரு மூலையிலாவது, மணல் வழவழப்பாகத் தேய்ந்து குழிந்த ஓர் இடத்தைக் காண்பீர்கள். அதற்கு மேலேயுள்ள கடைசிக் கம்பியில் நாலு மயிர் சிக்கியிருக்கும். அதுதான் அயலிலுள்ள நாய்களின் பாதை. உங்கள் நாய் வந்து இறங்கிய சில நிமிடங்களில் மோப்பம் பிடித்து அங்கே போய் நிற்கும். முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை அது.

அடைக்கும் முறை இதுதான். வேலியின் உட்பக்கமாக ஒரு அடி ஆழத்துக்கும் ஒரு அடி அகலத்துக்கும் மணலை வெட்டி எடுங்கள். கம்பிவலையை வேலியில் கட்டி, கீழே இறக்கி, குழிக்குள் வளவின் பக்கமாக மடித்துவிட்டு மணலால் மூடுங்கள். நாய் வேலியோடு ஒட்டித்தான் தோண்டும். தோண்டும் இடத்தில் மடிந்து கிடக்கும் வலை நகத்தில் தட்டுப்பட்டால் விட்டுவிடும். வலை வாங்க வசதியில்லாதவர்கள் தென்னங்குற்றிகளையோ சீமெந்துக் கற்களையோ பாதி புதைத்து வரிசையாக வைக்கலாம். கிடுகு வேலி என்றால் அடிப்பகுதி கறையான் தின்று உக்கிப் போயிருக்கும். அதை நம்பாமல், உட்பக்கமாக மூன்று நாலு அடி உயரத்துக்குக் கம்பிவலை பிடியுங்கள். முட்கம்பி வேலியில் ஓடிப்போய் மோதும் நாய்க்குக் காதும் முதுகும் கிழிந்துவிடும்; கீழ் வரிக் கம்பிகளை வலையாலோ தகரத்தாலோ மறைத்துவிடுவது அவசியம். வீதியோரப் பக்கத்தை முழுமையாக மறைப்பது எல்லாவற்றிலும் நல்லது. வெளியே போகிற சைக்கிளும் கட்டாக்காலி நாயும் கண்ணில் படாவிட்டால் பாதிக் குரைப்பு நின்றுவிடும்.

வாடகை வீடாக இருந்தால், மண்ணில் மண்வெட்டி வைப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். பூவரசம் கதியாலை வெட்டினாலும் கோபம் வரும். வேலியை எல்லையிலிருந்து ஒரு சாண் நகர்த்தினாலும் அயலாரோடு பகை வரும்.

வாவிக் கரையில் இருக்கும் வளவுகளில் பின்பக்கம் வேலியே இல்லாமல் தண்ணீர் வரை திறந்து கிடப்பதுண்டு. மட்டக்களப்பு வாவியில் முதலைகள் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை அடைக்காமல் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். பொழுதுபடும் நேரத்தில் கரையோரமாகக் குளிப்பாட்டவும் வேண்டாம். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில், வயலை அண்டிய ஊர்களில் யானை வருகிறது. யானையைக் கண்டு குரைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடிவரும் நாய், யானையையும் வீட்டுக்கே கூட்டிவந்துவிடும். அங்கே இரவில் நாய் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

படலையும் கிணறும்

படலைக்குக் கீழே இடைவெளி இருந்தால் ஒரு பலகை அடியுங்கள். இரும்புக் கேற் என்றால், வருகிறவர் திறந்துவிட்டுப் போனாலும் தானாகச் சாத்திக்கொள்ளும்படி ஒரு ஸ்பிரிங் பூட்டுங்கள். தபால்காரரும் மீன்காரரும் நல்லவர்கள்தான், ஆனால் கேற்றைச் சாத்துவது அவர்களின் வேலையல்ல.

கிணற்றை மறக்காதீர்கள். இங்குள்ள பழைய கிணறுகள் பலவற்றில் கட்டு முழங்கால் அளவுதான் இருக்கும். ஓணானையோ அணிலையோ துரத்திக்கொண்டு கட்டில் ஏறும் குட்டி அப்படியே உள்ளே போய்விடும். கோடையில் தண்ணீர் ஆழத்தில் கிடக்கும். மழைக்காலத்தில் வாய் வரை ஏறி நிற்கும். இரண்டு காலத்திலும் ஆபத்துத்தான். இரும்புச் சட்டத்தில் வலை பிடித்த மூடி ஒன்று செய்து போடுங்கள். அது பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

வாயில் படக்கூடாதவை

பூசைக்கென்று வளவில் அலரி நிற்கும். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் எல்லா அலரியிலும் இலை, பூ, காய், தண்டு அனைத்தும் நஞ்சு. இதயத்தைத் தாக்கும் நஞ்சு. மரத்தை வெட்டச் சொல்லவில்லை. சுற்றிவர ஓர் அடைப்புப் போடுங்கள். வெட்டிய தடிகளை நாய் கடித்து விளையாடக்கூடிய இடத்தில் போடாதீர்கள். குட்டி நாய்க்குத் தடி கண்டால் போதும். ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணிக் கொடி இருந்தால் வேரோடு பிடுங்கிவிடலாம். அழகுக்கு வைக்கும் சைக்கஸ் செடியின் விதையும் நாயைக் கொல்லும். தென்னைக்கோ பூஞ்செடிக்கோ ஆமணக்கம் புண்ணாக்குப் போடுகிற பழக்கம் உள்ளவர்கள் அதை நிறுத்திவிடுங்கள். அதன் மணத்துக்கு நாய் மண்ணைத் தோண்டித் தின்னும்.

முந்திய குடியிருப்பாளர் எலிப் பாஷாணம் வைத்திருக்கக்கூடும். கோடிப்புறம், விறகுக் கொட்டில், தண்ணீர்த் தாங்கியின் அடி, கூரை முகடு எல்லாவற்றையும் துழாவி எடுங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்கள் வேலியோரம் வீசப்பட்டிருந்தால் அவற்றையும் பொறுக்கிவிட வேண்டும்.

மீன் மலிவான ஊர் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். கரைவலை இழுத்து முடிந்ததும் வேண்டாத மீன்களை மணலில் எறிந்துவிட்டுப் போவார்கள். அவற்றில் உடம்பைப் பந்துபோல் ஊதிக்கொள்ளும் பேத்தை மீன் இருக்கும். அதைத் தின்றால் தசைகள் செயலிழந்து மூச்சு நின்றுபோகும்; காய்ந்து கிடந்தாலும் நஞ்சு நஞ்சுதான். கடற்கரையில் நாயை வாரில் பிடித்துக்கொண்டே நடவுங்கள்.

நிழலும் கூடும்

இங்கே ஒரே வளவு ஆடியில் ஒரு விதமாகவும் கார்த்திகையில் இன்னொரு விதமாகவும் இருக்கும். வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அனல்போல வீசும். ஐப்பசி தொடக்கம் தை வரை வடகிழக்கிலிருந்து மழை சாய்ந்து அடிக்கும். ஆகவே நாய்க்கூட்டைச் சீமெந்தால் ஓரிடத்தில் நிரந்தரமாகக் கட்டிவிடாதீர்கள். இரண்டு பேர் தூக்கக்கூடிய பலகைக் கூடே இந்த ஊருக்குப் பொருத்தம். கோடையில் வாசலைக் கிழக்குப் பக்கம் வைத்து, கடற்காற்றுப் படும்படி மர நிழலில் வைக்கலாம். மழைக்கு முன் வீட்டுச் சுவரோரமாகக் கொண்டுவந்து, வாசலைத் தெற்கிலோ மேற்கிலோ பார்க்கத் திருப்பி, கற்களின் மேல் ஒன்றரை அடி உயர்த்தி வைக்க வேண்டும்.

கூரைக்குத் தகரம் மட்டும் போட்டால் நடுப்பகலில் உள்ளே இருக்க முடியாது. தகரத்தின் மேல் கிடுகு வேயுங்கள். வேம்பு, மா, பூவரசு நிழல் நல்லது. தென்னைக்குக் கீழே கூடும் வேண்டாம், தண்ணீர்ச் சட்டியும் வேண்டாம். தேங்காய் விழும், மட்டையும் விழும்.

பகல் பத்து மணிக்குப் பின் திறந்த மணல் எப்படிக் கொதிக்கும் என்பதை அறிய, உங்கள் புறங்கையை அதில் வைத்துப் பாருங்கள். ஏழு எண்ணும் வரை வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது. நடைக்குப் போவதென்றால் விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும்தான். அல்சேஷன், லாப்ரடோர் போன்ற அடர்ந்த மயிர் நாய்கள் கச்சான் மாதங்களில் உண்மையாகவே கஷ்டப்படுகின்றன. மூச்சு இரைத்து, வாய்நீர் கட்டியாக ஒழுகி, கால் தள்ளாடத் தொடங்கினால் உடனே நிழலுக்கு எடுத்து, வயிற்றிலும் பாதங்களிலும் சாதாரண தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

மர நிழலில் நாய் ஒரு குழி தோண்டிப் படுத்துக்கொள்ளும். ஒரு முழம் தோண்டினால் ஈர மணல் குளிர்ச்சியாக இருக்கும் என்று அதற்குத் தெரியும். அந்த ஒரு குழியை மூடாமல் விட்டுவிடுங்கள். அதற்கென்று ஓர் இடம் இருந்தால் உங்கள் மல்லிகைப் பாத்தி தப்பும்.

தண்ணீர் எப்போதும் இரண்டு இடங்களில் இருக்கட்டும். மண்சட்டியில் குளிர்ந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு நாளும் ஊற்றிவிட்டு, சட்டியின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி நிரப்ப வேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது. சிரட்டைகளையும் அன்றே பொறுக்கிவிடுங்கள்.

நாய் வந்து இறங்கும் நாள்

முடிந்தவரை காலையில் கொண்டுவாருங்கள். இருட்டுவதற்கு முன் அது இடத்தைப் பார்த்துக்கொள்ள நேரம் கிடைக்கும். இறங்கியதும் அவிழ்த்துவிட வேண்டாம். வாரில் பிடித்தபடி வேலியோரமாக மெதுவாகச் சுற்றுங்கள். நீங்கள் இழுக்காதீர்கள், அது நிற்கும் இடத்தில் நின்று மோப்பம் பிடிக்கட்டும். இரண்டு சுற்று முடிந்ததும், மலசலம் கழிக்க நீங்கள் தீர்மானித்த மூலைக்குக் கூட்டிப்போய்ப் பொறுமையாக நில்லுங்கள். அங்கே கழித்தவுடன் தடவிக்கொடுத்து, அவித்த மீன் துண்டு ஒன்றைக் கொடுங்கள். அடுத்த சில நாட்களுக்கும் சாப்பாடு முடிந்தவுடனும் நித்திரை விட்டெழுந்தவுடனும் அதே மூலைக்கே கூட்டிப்போனால் பழகிவிடும்.

அது படுத்த பழைய சாக்கையோ பாயையோ கழுவாமல் கொண்டுவந்து விறாந்தையில் போடுங்கள். முதல் இரண்டு கிழமையும் வளவில் தனியே விட்டுவிட்டு வெளியே போகக் கூடாது. புது வீட்டை விட்டு ஓடுகிற நாய் பழைய வீட்டைத் தேடி ஓடக்கூடும். உங்கள் தொலைபேசி எண் எழுதிய கழுத்துப்பட்டி முதல் நாளே கழுத்தில் இருக்க வேண்டும்.

மலத்தை ஒவ்வொரு நாளும் அள்ளுங்கள். இதில் நான் கண்டிப்பானவள். ஈர மணலில் கொக்கிப்புழுவின் குடம்பிகள் செழித்து வளரும். வெறுங்காலோடு நடக்கிற பிள்ளையின் தோலைத் துளைத்து உள்ளே போய், பாம்பு நெளிந்ததுபோல் சிவந்த தடமாகத் தோன்றி அரிக்கும். மணல் தண்ணீரை இலகுவில் கீழே விடுவதால், மலம் புதைக்கும் குழி கிணற்றுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து கொடுத்துவிடுங்கள்.

உண்ணி

குடிவந்து ஒரு மாதத்துக்குள் வருகிற தொல்லை இது. நாயின் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தேடிப் பிடுங்குகிறோம், மறுநாள் அதே அளவு இருக்கிறது. காரணம், உண்ணி நாயின் மேல் முட்டையிடுவதில்லை. இரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் உப்பிய பெட்டை கீழே விழுந்து, சுவரில் ஏறி, வெடிப்பிலும் கதவு நிலையின் சந்திலும் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாய் படுக்கும் இடத்துக்குப் பின்னாலுள்ள சுவரை டோர்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்புக்குள் கபில நிறத்தில், கடுகைவிடச் சிறிய முட்டைகள் குவியலாக ஒட்டியிருக்கும். கொதிநீர் ஊற்றி, துழாவித் துடைத்து, வெடிப்பைச் சீமெந்தால் பூசிவிடுங்கள். நாய்க்கான மருந்தை அதன் நிறையைச் சொல்லி வைத்தியரிடம் வாங்குங்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கரைத்து நாயைக் குளிப்பாட்டும் கொடுமை இன்னும் நடக்கிறது. அதில் நாய் செத்துப்போகும், குளிப்பாட்டுகிறவருக்கும் கேடு. உண்ணி இருந்து, நாய் சாப்பிடாமல் சோர்ந்து, பல் முரசு (ஈறு) வெளிறிப் போயிருந்தால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். அது நாட்டு மருந்தோடு காத்திருக்கக்கூடிய வருத்தம் அல்ல.

பாம்பு

நாகமும் புடையனும் விரியனும் இந்தப் பகுதியில் இருப்பவைதான். ஓலைக் குவியல், பழைய ஓட்டுக் குவியல், மட்டைக் குவியல் இருந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். நாய் வருவதற்கு முன் தடியால் தட்டிக் கலைத்து அகற்றுங்கள். நாய்க்குக் கடிபட்டுவிட்டால் கட்டுப் போடுவதோ கீறுவதோ வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கி, வைத்தியரிடம் விரையுங்கள். கடிபட்டது மனிதர் என்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம்.

அயலும் ஊரும்

இந்தக் கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து இருக்கின்றன; பல இடங்களில் வேலிக்கு வேலி. தொழுகைக்குப் போகிறவரின் உடுப்பில் நாயின் வாய் பட்டால் அவர் திரும்பிப் போய்க் கழுவ வேண்டியிருக்கும். கோயிலுக்கு முழுகிவிட்டுப் போகிற அம்மாவுக்கும் நாய் பாய்ந்து ஏறுவது பிடிக்காது. ஆகவே வந்த கிழமையே இரு பக்க வீடுகளுக்கும் போய், நாய் இருக்கிறது, தடுப்பூசி போட்டிருக்கிறோம், கேற்றைத் தாண்டி வராது என்று சொல்லிவிட்டு வாருங்கள். அப்படிச் சொல்லிவிட்டு வந்தவர்களுடைய நாய் தப்பிப்போனால் அயலவரே பிடித்துக் கொண்டுவந்து தருகிறார்கள்.

கோயில் சடங்குக் காலத்தை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு. இரவிரவாகப் பறையும் ஒலிபெருக்கியும் வெடியும் இருக்கும். தீபாவளி, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு நாட்களிலும் வெடிதான். அந்த இரவுகளில் நாயை உள்ளறையில் வைத்து, யாராவது கூட இருங்கள்.

உங்கள் நாயை வீதி நாய்கள் வேலியடியில் வந்து பார்க்கும். மிஞ்சிய சோற்றை வீதியில் கொட்டினால் அவை அங்கேயே தங்கிவிடும். பெட்டை நாய் என்றால் கருத்தடைச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பருவம் வந்த பெட்டை இருக்கும் வளவை எந்த வேலியும் காப்பாற்றாது.

விசர்நாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டும். அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் விசாரியுங்கள். அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நாயை உள்ளூராட்சி சபையில் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1901 முதல் இருக்கிறது. யாரையாவது எந்த நாயாவது கடித்தால், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு, நேரே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தடுப்பூசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது.

மழைக்கு முன்

2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. தண்ணீர் இரவில் ஏறும். சங்கிலியில் கட்டியிருந்த நாய்கள் நின்ற இடத்திலேயே மூழ்கிப்போகும். மழைக்காலத்தில் எந்த இரவிலும் நாயைக் கட்டி வைக்காதீர்கள்.

புரட்டாதி முடிவதற்குள் அயலவரிடம், "கடைசி வெள்ளத்துக்கு இங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது?" என்று கேளுங்கள். சுவரில் கோடு காட்டுவார்கள். கூடு அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். முடியாவிட்டால் நாய் வீட்டுக்குள்ளே. வாய்க்காப்பு, வார், தடுப்பூசி அட்டை, மூன்று நாள் உணவு ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு மூடி வையுங்கள். இடம்பெயர்ந்தோர் தங்கும் பாடசாலைகளில் நாயைச் சேர்ப்பது கடினம்; மேட்டில் இருக்கிற உறவினர் வீட்டில் இப்போதே பேசிவைப்பது நல்லது.

வெள்ளம் வற்றியதும் தேங்கிய தண்ணீரில் நாயை இறங்கவிடாதீர்கள். எலிக்காய்ச்சல் அதில்தான் பரவுகிறது. அந்த நோய்க்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே போடுவித்துக்கொள்ளுங்கள். கிணற்றை இறைத்து, குளோரின் இடும் வரை நாய்க்கும் கொதித்தாறிய தண்ணீரே கொடுங்கள். மணல் அரித்துப் போய் வேலியடி வலை வெளியே தெரியும் இடங்களை மறுபடியும் மூடிய பின்பே நாயை வளவில் அவிழ்த்துவிடலாம்.